இரவிலிருந்து பகலுக்கு மூன்று படி

‘இரவு’ என்ற சொல்லைப் ‘பகல்’ ஆக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். மாற்றியதும் கையில் நிற்பது பொருளுள்ள தமிழ்ச் சொல்லாக இருக்க வேண்டும். எழுத்துகளை இடம் மாற்றக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. விதி இவ்வளவுதான்.

முதல் தடவை உட்கார்ந்தபோது நான் போன வழி இது: இரவு, அரவு, அகவு, அகல், பகல். அரவு என்றால் பாம்பு. மயில் கூவுவதை அகவுதல் என்கிறோம். அகல் நமக்குத் தெரிந்த விளக்கு. நான்கு படி. இரவுக்கும் பகலுக்கும் நடுவில் ஒரு விளக்கு வந்து நின்றது மனசுக்குப் பிடித்திருந்தது, அதனால் அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆனால் இரண்டு சொல்லிலும் மூன்று மூன்று எழுத்து, மூன்றுமே வேறு வேறு. அப்படியானால் குறைந்தது மூன்று படி வேண்டும்; மூன்றிலேயே முடியுமா என்ற கேள்வி விடவில்லை. இரண்டு நாள் கழித்து வழி கிடைத்தது: இரவு, பரவு, பரல், பகல். பரல் என்பது சிலம்புக்குள் இட்டு ஒலிக்கவைக்கும் மணி. கூழாங்கல்லுக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘பரல்’ என்ற சொல் எனக்குத் தெரிந்த சொல்தான். தேடும்போது மட்டும் அது கண்ணில் படவே இல்லை.

சொல் ஏணி என்று சொல்லப்படும் இந்த விளையாட்டின் சுவை அந்த இடத்தில்தான் இருக்கிறது. புதுச் சொல் எதையும் அது நம்மிடம் கேட்பதில்லை. நமக்குத் தெரிந்த சொற்களை, பொருளை ஒதுக்கிவிட்டு வெறும் எழுத்துக்கூட்டமாகப் பார்க்கச் சொல்கிறது. தமிழில் விளையாடும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ‘ஓர் எழுத்து’ என்றால் எது என்ற கேள்வி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் பிறந்த கதை. குழந்தைக் கதைகளால் உலகம் அறிந்த லூயிஸ் கரோல், உண்மையில் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர்; இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பொழுது போகவில்லை என்று சொன்ன இரண்டு சிறுமிகளுக்காக இந்த விளையாட்டை உருவாக்கினார். 1879 மார்ச்சில் லண்டனின் ‘வேனிட்டி ஃபேர்’ வார இதழில் ‘டப்ளட்ஸ்’ என்ற பெயரில் இது வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு மேக்மில்லன் நிறுவனம் சிறு நூலாகவும் அச்சிட்டது. தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் சேர்ந்தது ஓர் இணை, நடுவில் வருபவை கண்ணிகள், மொத்தமும் சங்கிலி என்று அவர் பெயர் வைத்தார். நாம் ஏணி என்கிறோம், அவர் சங்கிலி என்றார்.

கரோல் புதிர் போட்ட விதம் அழகானது. இரண்டு சொற்களை வெறுமனே கொடுக்க மாட்டார், ஒரு வேலையாகக் கொடுப்பார். பன்றியைப் பட்டிக்குள் ஓட்டு. நான்கை ஐந்தாக உயர்த்து. கோதுமையை ரொட்டியாக்கு. புல் பச்சை என்று நிரூபி. குரங்கிலிருந்து மனிதனை உருவாக்கு. கடைசியாகச் சொன்னதில் இரண்டுமே ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்கள். கரோல் காட்டிய வழி ஆறு படி நீளம். தலையை வாலாக்கும் புதிரில் நான்கெழுத்துச் சொற்கள், ஐந்து படி. எல்லா எழுத்தும் வேறு வேறாக இருந்தால், எழுத்துகளின் எண்ணிக்கை அளவுக்காவது படிகள் தேவைப்படும் என்பது கணக்கு. அதற்கு மேல் எத்தனை சுற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த மொழியின் குணம்.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்து. மூன்றெழுத்துச் சொல் ஒன்றில், ஒவ்வோர் இடத்திலும் 25 மாற்று எழுத்துகளைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 75 சோதனை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஓர் எழுத்துக்கு 246 மாற்று. மூன்றெழுத்துச் சொல்லுக்கு 738 சோதனை. கிட்டத்தட்ட பத்து மடங்கு. அப்படியானால் தமிழில் விளையாட்டு ரொம்பவும் எளிதாகிவிடாதா?

ஓரளவுக்கு ஆகும் என்பதுதான் பதில். ‘காடு’ ஒரே படியில் ‘வீடு’ ஆகிவிடுகிறது. ‘தாய்’ ஒரே படியில் ‘சேய்’. ‘பெண்’ ஒரே படியில் ‘ஆண்’. ‘பொய்’ ஒரே படியில் ‘மெய்’. இதில் விளையாட என்ன இருக்கிறது? நன்னூல் பட்டியலிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். தீ, பூ, கை, மை எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரே படி.

இதற்கு மாற்று நம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘பொ’ என்பது எழுதும்போது ஓர் எழுத்து, ஆனால் அதற்குள் ப் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் இருக்கின்றன. ஒரு படியில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம் என்று விதியை இறுக்கிப் பாருங்கள். ‘பொய்’ இனி ஒரே தாவலில் ‘மெய்’ ஆகாது. உயிரை முதலில் மாற்றினால்: பொய், பெய், மெய். மெய்யை முதலில் மாற்றினால்: பொய், மொய், மெய். மழை பெய்வதும் ஈ மொய்ப்பதும் நடுப்படிகளாகின்றன. ஒரு சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் பொய்யும் மெய்யும் இருக்க, மற்ற இரண்டு மூலைகளிலும் உயிருள்ள சொற்கள். ‘தாய்’, ‘சேய்’ எடுத்தாலும் இப்படியே: தாய், சாய், சேய் ஒரு வழி, தாய், தேய், சேய் இன்னொரு வழி. காட்டிலிருந்து வீட்டுக்குப் போக ‘வாடு’ வழியாகப் போக வேண்டும். இன்னொரு பக்கம் ‘கீடு’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை, அந்த மூலை இடிந்த மூலை.

இந்த இறுக்கமான விதியில் கணக்கும் மாறுகிறது. ஓர் உயிர்மெய்யில் உயிரை மாற்ற 11 வழி, மெய்யை மாற்ற 17 வழி, ஆக 28. உயிரை எடுத்துவிட்டுப் புள்ளி வைப்பதையும், மெய்யை எடுத்துவிட்டு உயிரை மட்டும் விடுவதையும் சேர்த்தால் 30. ஆங்கிலத்தின் 25-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அதனால் நான் இரண்டு விதிகளையும் இரண்டு தனி ஆட்டங்களாகவே வைத்துக்கொள்கிறேன். முழு எழுத்தையும் மாற்றுவது தளர்விதி. உயிர் அல்லது மெய் மட்டும் மாறுவது கட்டுவிதி. குழந்தைகளோடு விளையாடத் தளர்விதி போதும். சொல்லோடு மல்லுக்கு நிற்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கட்டுவிதிதான் சரி. மேலே சொன்ன மூன்று படி வழியில் ‘பரல்’ ‘பகல்’ ஆவது மட்டுமே கட்டுவிதியில் தேறும்; ‘இ’ எடுத்த எடுப்பில் ‘ப’ ஆக முடியாது, ‘வு’ ஒரே மூச்சில் ‘ல்’ ஆக முடியாது.

இதுவரை தமிழ் ஆட்டம் எளிது என்ற பக்கத்தைச் சொன்னேன். கடினமான பக்கம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

‘பட்டு’ என்பதைப் ‘பத்து’ ஆக்கிப் பாருங்கள். பார்வைக்கு ஒரு படி தூரம்தான். காதுக்கும் அப்படித்தான். ஆனால் நடுவில் இருப்பது இரண்டு எழுத்து: ட், டு. ‘ட்’ மட்டும் மாறினால் ‘பத்டு’, ‘டு’ மட்டும் மாறினால் ‘பட்து’. இரண்டும் தமிழ் வாயில் நுழையாதவை. தொல்காப்பியம் மெய்ம்மயக்கம் என்று இதற்கு விதியே வகுத்திருக்கிறது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்ற பட்டியல் அது. அதன்படி க், ச், த், ப் நான்கையும் அடுத்து அதே மெய்தான் வரலாம்: பக்கம், பச்சை, பத்து, அப்பா. மெல்லினமோ பெரும்பாலும் தன் இனமான வல்லினத்தோடுதான் நிற்கும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஆக, சொல்லின் நடுவில் இப்படி ஒரு ஜோடி இருந்தால், அது இரண்டு சாவி போட்ட பூட்டு. ஒரு சாவியை மட்டும் திருப்பினால் திறக்காது.

‘பத்து’ சுலபமாகப் ‘பந்து’ ஆகிவிடும், ‘பட்டு’ சுலபமாகப் ‘பண்டு’ ஆகிவிடும். இன எழுத்துக்குள் நடமாட்டம் தாராளம். தகரக் கூட்டத்துக்கும் டகரக் கூட்டத்துக்கும் நடுவில்தான் சுவர். பட்டிலிருந்து பத்துக்கு நான் கண்டுபிடித்த மிகக் குறுகிய வழி இது: பட்டு, குட்டு, குருடு, குருதி, பருதி, பத்தி, பத்து. ஆறு படி, தளர்விதியில். இதில் வேலை செய்தது ‘குருடு’ என்ற சொல். ‘ட்’ என்ற புள்ளி எழுத்தை ‘ரு’ என்ற உயிர்மெய்யாக்கியதும் பூட்டு தளர்ந்தது. கடைசி எழுத்தை விருப்பம்போல் மாற்றிக்கொண்டு, பருதி வரைக்கும் நடந்து (பரிதியின் இன்னொரு வடிவம், சூரியன்), அங்கே ‘ரு’ மறுபடியும் ‘த்’ ஆகிப் பூட்டிக்கொண்டது. இந்த வழி கிடைத்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி சொல்லி மாளாது. பள்ளியில் மெய்ம்மயக்கம் படித்தபோது மனப்பாடம் செய்ததோடு சரி. அது ஒரு சுவர் என்பதும், அந்தச் சுவருக்கு வாசல் எங்கே என்பதும் இந்த விளையாட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

வாசல்களும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ட், ற், ல், ள் நான்கையும் அடுத்து க, ச, ப வரலாம் என்கிறது தொல்காப்பியம். அதனால்தான் நட்பு, கட்சி, வெட்கம், கற்பு, முயற்சி போன்ற சொற்கள் நமக்கு இருக்கின்றன. ஏணியில் இவை திருப்புமுனைகள். நட்பு, நட்டு, நண்டு என்று இரண்டே படியில் நட்பு நண்டாகிறது. திட்டம், திட்பம், நுட்பம் இன்னொன்று. ண், ன் இரண்டும்கூட இப்படி வேற்று இனத்தோடு பழகுபவை. அன்று, அன்பு, அம்பு: றகரக் கூட்டத்திலிருந்து பகரக் கூட்டத்துக்கு, அன்பைப் பாலமாக்கி, இரண்டே படி. இடையின மெய்களும் உதவும். ‘எத்து’ என்ற ஏமாற்றுச் சொல் ‘எய்து’ ஆகும். யகரத்தை அடுத்துத் தகரம் வரலாம்.

ஆய்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘எஃகு’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான் என்று பலர் நினைப்பார்கள். தனிக்குறிலுக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவில் மட்டுமே ஆய்தம் வரும். ஆனால் அந்த இடம் இரட்டித்த வல்லினத்துக்கும் உரிய இடம். ‘எஃகு’ ‘எக்கு’ ஆகும், வயிற்றை எக்குகிறோமே, அந்த எக்கு. அங்கிருந்து சிக்கு, முக்கு, மக்கு என்று தெரு திறந்துவிடும்.

சொல்லின் முதலிலும் கடைசியிலும்கூட இலக்கணம் காவல் நிற்கிறது. புள்ளி வைத்த மெய் எதுவும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ட, ண, ள, ழ, ற, ன வரிசைகளும் அப்படித்தான். கடைசியில் வல்லின மெய் வராது. அதனால் 246 மாற்று என்று மேலே போட்ட கணக்கு ஏட்டுக்கணக்கு. உண்மையில் விளையாடுகிறவர் சோதிப்பது அதில் ஒரு பகுதியைத்தான். தமிழ் பேசி வளர்ந்த குழந்தை, விதி எதுவும் தெரியாமலேயே, ‘ழகல்’, ‘றகல்’ என்றெல்லாம் முயன்று பார்க்காது. அதன் காதே ஒதுக்கிவிடும்.

இனி இதை மேலிருந்து பார்ப்போம். எல்லாச் சொற்களையும் ஒரு பெரிய தாளில் புள்ளிகளாக வைத்து, ஓரெழுத்து மட்டும் வேறுபடும் சொற்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். ஏணி என்பது அந்த வலையில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் பாதை. கணினி அறிவியலில் பெரிய பெயரான டொனால்டு குனூத், ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் 5,757-ஐத் தொகுத்து இப்படி ஒரு வலை அமைத்தார். 1993-இல் வெளியான அவருடைய நூலில் அது இருக்கிறது. அதில் 671 சொற்களுக்கு அண்டை வீடே கிடையாது. எந்த எழுத்தை மாற்றினாலும் வேறு சொல் வராது. ஒட்டாமல் ஒதுங்கி நிற்பவை என்ற பொருளில் அவற்றை ‘அலூஃப்’ சொற்கள் என்றார். அந்த ‘அலூஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஐந்தெழுத்து, அதுவும் அந்த 671-இல் ஒன்று.

வலையில் சில சொற்கள் கூட்டுச் சாலைகள். தமிழில் எனக்குப் பிடித்த கூட்டுச் சாலை ‘பானை’. நாயைப் பூனையாக்க: நாய், பாய், பானை, பூனை. யானையைப் பூனையாக்க: யானை, பானை, பூனை, இது கட்டுவிதியிலும் தேறும். நாயை யானையாக்க வேண்டுமென்றாலும் பாய் விரித்துப் பானைக்கு வந்து போகலாம். நாய்க்கும் பூனைக்கும் நடுவில் இரண்டு படியில் முடியாதா என்றால், அதற்கு ‘நானை’ அல்லது ‘பூய்’ என்று ஒரு சொல் வேண்டும். இரண்டும் இல்லை. ஆகவே மூன்றே மிகக் குறைந்த படி என்று நிரூபணமாகிவிடுகிறது.

கணினி இதைத் தேடும் முறை எளிது. ‘நாய்’ என்பதிலிருந்து ஒரு படியில் போகக்கூடிய எல்லாச் சொற்களையும் முதலில் எழுதிக்கொள்ளும்: பாய், வாய், காய், பேய், நோய், நெய், நாள், நார், நாடு, நாரை. அப்புறம் அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படி. அப்புறம் இன்னும் ஒரு படி. குளத்தில் கல் விழுந்ததும் வளையம் விரிவதுபோல. எந்த வளையத்தில் முதலில் ‘பூனை’ தென்படுகிறதோ, அதுவே மிகக் குறைந்த படி. ஆனால் வளையம் விரிய விரிய வேலை பெருகும். ஒரு சொல்லுக்குச் சராசரியாக 20 அண்டைச் சொற்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறு படிக்கு 6 கோடியே 40 லட்சம் பாதை. இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கி மூன்று மூன்று படி வந்தால் வெறும் 16,000. மனிதர்களுக்கும் இதே உத்திதான். தாளின் இடப்பக்கம் தொடக்கச் சொல்லின் அண்டைகளையும், வலப்பக்கம் முடிவுச் சொல்லின் அண்டைகளையும் எழுதுங்கள். இரண்டு பட்டியலும் எங்கேயாவது தொட்டுக்கொள்ளும்.

தமிழுக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ‘உடல்’ மூன்றெழுத்து, ‘உயிர்’ மூன்றெழுத்து என்று நமக்குத் தெரியும். எழுத்துகளைச் சேமிக்கும் யூனிக்கோடு முறையில் கணினி அப்படி எண்ணுவதில்லை. புள்ளி தனி, கொக்கி தனி. ‘உடல்’ அதற்கு உ, ட, ல, புள்ளி என்று நான்கு. ‘உயிர்’ உ, ய, இகரக் குறி, ர, புள்ளி என்று ஐந்து. நீளம் ஒத்துவரவில்லை, புதிரே செல்லாது என்று சொல்லிவிடும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், முன்னொன்று பின்னொன்று என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் தமிழ்ச் சொற்பட்டியலைக் கொட்டினால் வரும் விடைகள் அதனால்தான் கோணலாக இருக்கின்றன. முதலில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும், கட்டுவிதிக்கு அதை உயிராகவும் மெய்யாகவும் மறுபடி பிரிக்க வேண்டும். பிறகுதான் வலை.

உடலுக்கும் உயிருக்கும் வழி என்ன என்று கேட்பீர்கள். உடல், உயில், உயிர். நடுவில் ஒரே சொல். ‘உயில்’ ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல். உயிர் உடலை விட்டுப் போன பிறகு பிரித்துப் படிக்கப்படுவது. இதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ‘கல்’ என்பதைச் ‘சிலை’ ஆக்க நடுவில் ‘கலை’ வருவதையும் யாரும் திட்டமிடவில்லை. ‘ல்’ ‘லை’ ஆகிறது, ‘க’ ‘சி’ ஆகிறது, கல் கலையாகிச் சிலையாகிறது. இதெல்லாம் தற்செயல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவை எழுதிப் பார்க்கும்போதும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

நடுவில் வரும் ஒவ்வொரு படியும் பொருளுள்ளதாக இருக்க வேண்டும் என்ற விதி, விளையாட்டைத் தாண்டியும் பயன்பட்டிருக்கிறது. பரிணாமம் பற்றி 1960-களின் கடைசியில் ஒரு சந்தேகம் எழுந்தது. ஒரு புரதம் என்பது நீண்ட எழுத்து வரிசைபோல. சாத்தியமான வரிசைகள் எண்ணிலடங்காதவை, அவற்றில் வேலை செய்யக்கூடியவை மிகச் சில. தற்செயல் மாற்றங்களால் இயற்கை அவற்றை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? 1970-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் ‘நேச்சர்’ இதழில் சொல் ஏணியை வைத்தே பதில் எழுதினார். ‘வேர்ட்’ என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை நான்கே படிகளில் ‘ஜீன்’ ஆக்கிக் காட்டினார். நடுவில் வந்த எல்லாமே ஆங்கிலச் சொற்கள். இயற்கையும் கண்ணை மூடிக்கொண்டு வெகுதூரம் தாவுவதில்லை, ஒவ்வொரு படியிலும் வேலை செய்யும் புரதமாகவே இருந்துகொண்டு ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்கிறது என்பது அவர் வாதம். அப்படி நகர வேண்டுமானால் வேலை செய்யும் புரதங்கள் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருக்க வேண்டும். குனூத்தின் ஒதுங்கிய சொற்களைப்போல ஒரு புரதம் தனித்துக் கிடந்தால், பரிணாமம் அதை எட்டுவது அரிது.

தமிழில் இந்த விளையாட்டுக்கு நெருங்கிய உறவினர்கள் ரொம்பப் பழையவர்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி (எழுத்தை வைத்து விளையாடும் கவிதை) வகைகளில் எழுத்து வருத்தனம் உண்டு, ஒரு சொல்லோடு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுப் பொருள் வரவைப்பது. அக்கரச் சுதகம் அதற்கு நேர்மாறு, எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது. ‘கவலை’யில் ‘வ’ போனால் ‘கலை’, ‘க’ போனால் ‘வலை’ என்பதுபோல. ஆனால் ஏணிக்கு உண்மையான முன்னோர் என்று நான் நினைப்பது மாத்திரைச் சுருக்கத்தை. நெடிலைக் குறிலாக்கி ஒரு மாத்திரையைக் குறைத்தால் வேறு சொல் கிடைக்க வேண்டும்: ‘காலம்’ ‘கலம்’ ஆகும், ‘பாடம்’ ‘படம்’ ஆகும். திருப்பிச் செய்தால் மாத்திரை வருத்தனம். எழுத்தின் எண்ணிக்கை மாறுவதில்லை, மெய் மாறுவதில்லை, உயிர் மட்டும் நீள்கிறது அல்லது குறுகுகிறது. நான் கட்டுவிதி என்று சொன்னதின் ஒரு துண்டு இது. எழுத்துக்குள் புகுந்து உயிரை மட்டும் தொடுவது நம் புலவர்களுக்குப் பழகிய வேலை.

விளையாடும்போது சண்டை வரும் இடம் ஒன்றுதான்: எது சொல்? ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்தச் சண்டை பெரிது. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், பால், எண் எல்லாம் சேர்ந்து எண்ணற்ற வடிவங்கள் கிளம்புகின்றன. வேற்றுமை உருபு வேறு. ‘வந்தான்’, ‘தந்தான்’, ‘தந்தாள்’ எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் ஏணியில் சவாலே இருக்காது. அகராதியில் தலைச்சொல்லாக இருப்பதை மட்டும் ஏற்பது நல்ல வழக்கம். பரவு, அகவு, கருகு போன்ற வினையடிகள் அதில் வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்குமே தெரியாத சொல்லை அதிலிருந்து பொறுக்கி எடுத்து ஏணி கட்டினால், வழி கிடைத்தும் மகிழ்ச்சி கிடைக்காது. ‘பருதி’யை நான் ஏற்றுக்கொண்டேன், அதற்கு மேல் போக எனக்கு மனமில்லை.

நல்ல இணை அமைவதும் தமிழில் அவ்வளவு எளிதில்லை. எதிர்ச்சொற்களின் எழுத்தெண்ணிக்கை ஒத்துவருவதே குறைவு: பகை இரண்டு, நட்பு மூன்று, மேடு இரண்டு, பள்ளம் நான்கு. நீளச் சொற்களில் மட்டும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஐந்தெழுத்து என்றால் அண்டை குறையும் என்று தோன்றும். ‘வணக்கம்’ எடுத்துப் பாருங்கள். இணக்கம், சுணக்கம், வழக்கம் எல்லாம் பக்கத்து வீடு. வழக்கத்துக்கு அடுத்து பழக்கம், முழக்கம், புழக்கம். அந்தப் பக்கம் மயக்கம், தயக்கம், இயக்கம். இந்தப் பக்கம் உறக்கம், இறக்கம், இரக்கம். ‘க்கம்’ என்ற வால் மாறாமல் நிற்க, முன்னால் இரண்டு எழுத்து மட்டும் நடமாடுகிறது. அங்கே ‘தொடக்கம்’ ஒரே படியில் ‘அடக்கம்’ ஆகிறது. ‘கலக்கம்’ மூன்று படியில் ‘விளக்கம்’ ஆகிறது: கலக்கம், துலக்கம், துளக்கம், விளக்கம். துலக்கம் தெளிவு, துளக்கம் அசைவு. இந்தப் பேட்டையை விட்டு வெளியே போவதுதான் பாடு, ஏனென்றால் ‘க்’ தன்னைத் தவிர யாரோடும் சேராது. நான்கெழுத்தில் ஒரு வாசல் உண்டு. ‘பக்கம்’ ‘பங்கம்’ ஆகும், அங்கிருந்து தங்கம், சங்கம், அங்கம்.

கடைசியாக ஓர் இணையை விடை சொல்லாமல் விட்டுவிடுகிறேன். ‘விதை’யைச் ‘செடி’யாக்க வேண்டும். தளர்விதியில் நடுவில் ஒரே ஒரு சொல் போதும், அது காலையில் நடப்பது. கட்டுவிதியில் நடுவே மூன்று சொற்கள் வேண்டும், அவற்றில் முதலாவது ‘விடை’.